நாயின் காதில் சொன்ன சொல்

கீரைப் பாத்தி மறுபடியும் குழியாகிக் கிடந்தது.

நல்லசிவம் பாத்தியோரம் நின்று பார்த்தார். தண்டங்கீரை முளைத்து இரண்டு விரல் உயரம் வந்திருந்தது. பாதிக்கு மேல் வேரோடு வெளியே கிடந்தது. செவலை நாய் தான் தோண்டிய குழிக்குள், ஈரமண்ணில் வயிற்றை அழுத்திப் படுத்திருந்தது. அவரைப் பார்த்து வாலை ஆட்டியது. எழுந்திருக்கவில்லை.

அவர் நேராக மடத்து அம்மையிடம் போனார்.

"அம்மா, இந்த நாயை ஆத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுட்டு வந்துரட்டுமா?"

உலகம்மை முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன செஞ்சுது?"

"தோண்டுது. எங்க பார்த்தாலும் தோண்டுது. கட்டிப் போட்டா கட்டின இடத்துல தோண்டுது."

அம்மை ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தார்.

"தோண்டச் சொல்லிக் கொடுங்களேன்."

"அதுதான் தோண்டுதேம்மா!"

"சொன்னா தோண்டணும். சொன்னா மட்டும் தோண்டணும். அப்படிச் சொல்லிக் கொடுங்க."

அம்மை மறுபடி முறத்தைத் தட்டத் தொடங்கிவிட்டார். அதற்குமேல் அங்கே நிற்பதில் பயனில்லை என்று நல்லசிவத்துக்குத் தெரியும்.

மடம் என்று சொல்வது பேருக்குத்தான். வறண்ட ஆற்றங்கரையில் மூன்று ஓலைக் கூரைகள், அவற்றின் முன்னால் ஒரு தண்ணீர்ப் பந்தல், அவ்வளவே. மலைக்கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் பந்தலில் நின்று தண்ணீர் குடித்துவிட்டுப் போவார்கள். சிலர் அம்மையிடம் ஏதாவது கேட்பார்கள். அம்மை சில வேளை பதில் சொல்வார், சில வேளை இன்னொரு செம்பு தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுவார். அவருக்கு நாற்பது வயதுக்கு மேல் இராது. நல்லசிவம் அவரைவிட நன்றாக மூத்தவர். மர வியாபாரத்தை மகனிடம் விட்டுவிட்டு வந்தவர். பந்தலுக்கு முதல் கால் நட்டதும் அவர்தான். அப்போது அங்கே அம்மையும் அவரும் ஆறும் மட்டும்தான் இருந்தார்கள். ஆற்றில் அன்று தண்ணீர் ஓடியது.

ஐயம்பெருமாள் வந்தது பிறகு. திருவிழாக்களில் கையால் ராட்டினம் சுற்றிப் பிழைத்தவன். மலைக்கோயில் திருவிழாவுக்கு வந்தவன், ராட்டினத்தைக் கூட்டாளியிடம் விட்டுவிட்டு இங்கேயே தங்கிவிட்டான். ஓயாமல் பேசுவான். குடத்தை வைத்தால் உடைப்பான். விளக்கு ஏற்றப் போனால் எண்ணெயைக் கொட்டுவான். தியானத்தில் உட்கார்ந்தால் உறங்கி விழுவான்.

அவனை அம்மை 'நீ' என்றார்.

நல்லசிவத்தை வந்த நாளிலிருந்து 'நீங்க' என்றுதான் சொல்வார். மரியாதை அது. மூத்தவருக்குக் கொடுக்க வேண்டியது. ஐயம்பெருமாள் வரும்வரை நல்லசிவத்துக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. அவன் வந்து, "ஏய், நீ சாப்பிட்டியா?" என்று அம்மை அவனைக் கேட்ட அன்றுதான், தன்னை ஒருநாளும் அப்படி ஒருவரும் கேட்டதில்லை என்பது அவருக்கு உறைத்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு 'நீங்க'வும் ஒரு முழம் தள்ளி நிற்கச் சொல்வதுபோல அவர் காதில் விழுந்தது.

நாய் வேலையை அவர் ஏற்றுக்கொண்டார். ஐயம்பெருமாளிடம் சொல்லாமல் தன்னிடம் சொன்னாரே என்பதும் ஒரு காரணம்.

பந்தலில் உடைக்கும் தேங்காயில் ஒரு மூடியைச் சில்லு சில்லாக நறுக்கி மடியில் கட்டிக்கொண்டார். நாயை ஆற்று மணலுக்கு அழைத்துப் போனார். ஒரு சில்லை அதன் கண்ணெதிரே வைத்து, மேலே மணலைத் தள்ளினார். நாய் மோந்து பார்த்தது. முன்னங்கால் மணலைத் தொட்ட அந்தக் கணத்தில், "தோண்டு" என்றார். நாய் பறித்துத் தின்றது. கையிலிருந்தும் ஒரு சில்லு கொடுத்தார்.

அதையே திரும்பத் திரும்பச் செய்தார். பிறகு சில்லை ஆழமாகப் புதைத்தார். பிறகு ஒன்றும் புதைக்காமலே "தோண்டு" என்றார். நாய் அவர் முகத்தைப் பார்த்தது. அவர் காத்திருந்தார். வெயில் ஏறியது. நாய் சந்தேகத்தோடு ஒரு காலால் ஒரு பிறாண்டு பிறாண்டியது. உடனே மடியை அவிழ்த்து மூன்று சில்லைச் சேர்த்துக் கொடுத்தார். நாய்க்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. அவருக்கும் உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம்.

"போதும்" என்றால் நிறுத்த வேண்டும். அதற்கு இன்னும் பொறுமை வேண்டியிருந்தது. அதையும் பழக்கினார். சொல்லாமல் தோண்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போய்விடுவார். சில்லும் கிடையாது, பேச்சும் கிடையாது. பங்குனி பிறந்தபோது கீரைப் பாத்தி குழி விழாமல் முளைத்திருந்தது.

ஒரு சாயங்காலம் அம்மையை அழைத்து வந்து காட்டினார்.

"தோண்டு."

செவலை தோண்டியது. மணல் பின்னால் பறந்தது.

"போதும்."

செவலை நின்றது.

அம்மை கைதட்டினார். "அட! நல்லாச் சொல்லிக் கொடுத்திருக்கீங்க, நல்லசிவம்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கண் கலங்கியதை அம்மை பார்க்கக் கூடாது என்று.

அப்போது பின்னால் ஐயம்பெருமாள் குடத்தோடு வந்துகொண்டிருந்தான். "ஏட்டி செவல, எங்க... தோண்டு பாப்போம்!" என்றான்.

நாய் ஓடிப் போய் அவன் காலடியிலேயே தோண்டியது. அவன் ஒரு காலைத் தூக்கினான். மறு காலுக்குக் கீழே தோண்டியது. "ஏ, ஏ, என்னை எதுக்குட்டி புதைக்க!" என்று அவன் துள்ளியதில் குடம் கவிழ்ந்து அவனும் விழுந்தான். நாய் விடாமல் தோண்டியது. அவன் தலையெல்லாம் ஈரமணல்.

அம்மை சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, மணலில் உட்கார்ந்துவிட்டார். அம்மை அப்படிச் சிரித்து நல்லசிவம் பார்த்ததில்லை.

"போதும்" என்றார் நல்லசிவம்.

நாய் நின்றது. சிரிப்பும் சற்று நேரத்தில் அடங்கியது. அம்மை எழுந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஐயம்பெருமாள் பக்கம் குனிந்து அவன் காதில் ஏதோ சொன்னார். அவன் திடுக்கிட்டு, "சரிம்மா" என்றான்.

நல்லசிவம் அதைப் பார்த்தார்.

அம்மை யாருக்கும் காதில் உபதேசம் சொன்னதில்லை. வந்த புதிதில் அவர் கேட்டிருக்கிறார். "எங்கிட்ட அப்படி ஒண்ணும் இல்லையே" என்று அம்மை சொல்லிவிட்டார். இல்லை என்று சொன்னது தனக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

மறுநாள் தண்ணீர் இறைக்கும்போது அவர் பொறுக்க முடியாமல் கேட்டார்.

"நேத்து அம்மா உன் காதுல என்ன சொன்னாங்க?"

ஐயம்பெருமாள் முகம் சிவந்தது. "அது ஒண்ணுமில்ல அண்ணாச்சி."

"சொல்லக் கூடாதுன்னா சொல்ல வேண்டாம்."

"ஐயய்யோ, அப்படி இல்ல. வேட்டி பின்னால கிழிஞ்சிருக்கு, துண்ட எடுத்துக் கட்டிக்கோன்னு சொன்னாவ."

நல்லசிவம் வாளியை ஊற்றுக்குள் விட்டார். மேலே இழுத்தார். குடத்தில் ஊற்றினார்.

அவர் நம்பவில்லை. மந்திரம் வாங்கியவன் வேறு எப்படிச் சொல்வான்? ரகசியத்தை மறைக்கச் சொல்லியிருப்பார்கள். இவனுக்குக் கைவந்த பொய் இவ்வளவுதான். வேட்டி கிழிந்திருந்ததா என்று நினைவுபடுத்திப் பார்த்தார். கிழிந்திருந்தது நினைவுக்கு வந்தது. அப்படியும் அவர் நம்பவில்லை.

அன்று மத்தியானம் அவர் செவலையை ஆற்றில் வெகுதூரம் அழைத்துப் போனார். மடம் கண்ணுக்குத் தெரியாத வளைவு வரை போனார். மடியில் தேங்காய்ச் சில்லு.

"தோண்டு" என்றார்.

நாய் தோண்டியது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து நடந்தார். நாய் குழம்பிப் பின்னால் ஓடி வந்தது. மறுபடி, "தோண்டு" என்றார். தோண்டியது. மறுபடி எழுந்து போனார்.

பிறகு அதைப் பக்கத்தில் இழுத்து, காது மடலைத் தூக்கி, வேறொரு சொல்லைச் சொன்னார்.

"வைரம்."

அந்த மடத்தில் யார் வாயிலும் வராத சொல் அது. ஐயம்பெருமாள் உளறுகிற ஆயிரம் சொல்லில் அது ஒருநாளும் வராது. சுற்றிலும் பார்த்துக்கொண்டு, மூச்சுக்காற்றில் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார். நாய் தலையைச் சாய்த்தது. அவரே அதன் காலைப் பிடித்து மணலில் வைத்தார். சில்லு கொடுத்தார்.

சித்திரை பிறப்பதற்குள் பழைய சொல் நாய்க்குச் செத்துப்போயிற்று. "தோண்டு" என்று யார் சொன்னாலும் உட்கார்ந்துவிடும். தோண்டினால் சில்லு போய்விடும், மனிதர் எழுந்து போய்விடுவார் என்று அதற்குத் தெரியும். புதிய சொல் அவருடையது மட்டும்.

மலைக்குப் போகிற கூட்டம் வரத் தொடங்கியது. பந்தலில் பிள்ளைகள் நாயைச் சுற்றி நின்றார்கள்.

ஐயம்பெருமாள் ராட்டினக் குரலில் கூவினான். "இங்க பாருங்க, இங்க பாருங்க! எங்க மடத்து நாய், சொன்னா தோண்டும், நிறுத்துன்னா நிறுத்தும்! ஏட்டி செவல, தோண்டு!"

செவலை உட்கார்ந்தது.

"தோண்டுட்டி!"

செவலை கொட்டாவி விட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். ஐயம்பெருமாளும் சிரித்தான். ஆனாலும் முகம் சுண்டிவிட்டது.

நல்லசிவம் தண்ணீர் செம்பைக் கீழே வைத்துவிட்டு மெதுவாக வந்தார். நாயின் பக்கம் குனிந்தார். அவர் உதடு அசைந்தது யாருக்கும் தெரியவில்லை. நாய் பாய்ந்து தோண்டியது. கூட்டம் ஓவென்றது. ஒரு பெரியவர் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அதெப்படி அண்ணாச்சி? எனக்கு மட்டும் கேக்க மாட்டேங்கு?" என்றான் ஐயம்பெருமாள்.

"மனசு சுத்தமா இருக்கணும்" என்றார் நல்லசிவம்.

அவன் அதை அப்படியே எடுத்துக்கொண்டான். "இருக்கும் அண்ணாச்சி. எங்கிட்டதான் ஏதோ குறை" என்று சொல்லிவிட்டுப் பானையை நிரப்பப் போனான்.

அன்று மாலை அம்மை பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். நல்லசிவம் கழுவி அடுக்கினார்.

"நாய்க்கு வேற சொல் வச்சிருக்கீங்களோ?"

"ஆமாம்மா. ஆளாளுக்குச் சொன்னா அதுக்குக் குழப்பம்."

"எனக்குச் சொல்லலாமா?"

அவர் கையில் ஒரு செம்பு இருந்தது. அதைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். 'அவனுக்கு ஒன்று கொடுத்தீர்களே, அதை எனக்குச் சொன்னீர்களா?' என்பது நெஞ்சு வரை வந்தது.

"சொல்றேம்மா. இன்னும் கொஞ்சம் பழகட்டும்."

"சரி" என்றார் அம்மை.

இன்னொரு முறை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அம்மை கேட்கவில்லை. அடுத்த பாத்திரத்தை எடுத்தார். தன்னை இன்னொரு முறை கேட்காததும் நல்லசிவத்துக்கு வலித்தது. ஐயம்பெருமாளாக இருந்தால் காதைத் திருகிக் கேட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டார்.

அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. ஆற்றில் தோண்டிய ஊற்று நாளுக்கு நாள் கீழே போயிற்று. வாளி கலங்கல் தண்ணீராக ஏறியது. பிறகு சேறாக ஏறியது. பெரிய கூட்டம் இனிமேல்தான் வர வேண்டும். வெயிலில் நடந்து வருகிறவர்களுக்குப் பந்தலில் தண்ணீர் இல்லையென்றால், அடுத்த தண்ணீர் மலையடிவாரத்தில்தான்.

"புது ஊத்து போடணும். நாளைக் காலைல எல்லாரும் சேர்ந்து போவோம்" என்றார் அம்மை.

நல்லசிவத்துக்கு இடம் தெரியும். செவலை மத்தியான வெயிலில் போய்ப் படுக்கும் இடம் ஒன்று வளைவுக்கு அப்பால் இருந்தது. அங்கே மேல்மணலே சில்லென்றிருக்கும். நாளை எல்லாரும் போனால் ஐயம்பெருமாள்தான் மண்வெட்டியைப் பிடிப்பான். பேசிக்கொண்டே தோண்டுவான். தண்ணீர் வந்ததும் துள்ளுவான். அம்மை சிரிப்பார். தண்ணீர் அவனுடையதாகிவிடும்.

அன்றே மத்தியானம் சாப்பாட்டுக்கு முன், எல்லாரும் அயர்ந்திருந்த வேளையில், அவர் மண்வெட்டியையும் ஓலைக் கடகப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு செவலையோடு ஆற்றில் இறங்கினார்.

நாய் தன் இடத்துக்குப் போய் மோந்தது. "வைரம்" என்றார். தோண்டியது. ஒரு முழத்தில் ஈரம் தெரிந்தது. "போதும்" என்று அதை விலக்கிவிட்டு அவர் வெட்டினார்.

மணலில் ஊற்று வெட்டுவதற்கு முறை உண்டு. வாயை அகலமாக விட்டுச் சரிவாக இறங்க வேண்டும். அகலமாக வெட்ட இரண்டு ஆள் வேண்டும். அவர் ஒருவர்தான் இருந்தார். மற்றவர்கள் எழுந்திருப்பதற்குள் ஒரு குடம் தண்ணீரோடு போய் நிற்க வேண்டும். நேராக இறங்கினார். இடுப்பளவு போனார். மார்பளவு போனார். காலடியில் தண்ணீர் கசிந்தது. குனிந்து தொட்டுப் பார்த்தார். குளிர்ந்திருந்தது.

கடகத்தில் மணலை அள்ளித் தலைக்குமேல் தூக்கியபோது பக்கச் சுவர் பெயர்ந்தது.

சத்தமே இல்லை. நிற்க முடியாமல் முழங்கால் மடிந்தது. கடகம் கவிழ்ந்து முகத்தின்மேல் விழுந்தது. அதன்மேல் மணல் விழுந்தது. பிறகு இருட்டு.

கையை அசைக்க முடியவில்லை. நெஞ்சை நாலு பக்கமும் யாரோ இறுக்கிப் பிடித்ததுபோல இருந்தது. கடகத்துக்குள் முகத்தளவு இடம் இருந்தது. அதில் கொஞ்சம் காற்று இருந்தது. வாய் நிறைய மணல்.

மேலே செவலை ஊளையிட்டது. அங்குமிங்கும் ஓடுவது மணல் வழியாகக் கேட்டது. அது தோண்டவில்லை. சொன்னால்தான் தோண்டும்.

எவ்வளவு நேரமோ தெரியவில்லை. பிறகு வெகுதூரத்திலிருந்து வருவதுபோல ஒரு குரல்.

"அண்ணாச்சி! அண்ணாச்சீ! சாப்பிடாம எங்க போனிய?"

ஐயம்பெருமாள். கஞ்சிவாளியின் பிடி கிணுகிணுத்தது. பிறகு அது விழுந்து உருண்டது. மணல் உள்வாங்கியிருந்ததைப் பார்த்துவிட்டான்.

"அம்மாடி! செவல! தோண்டு! தோண்டுட்டி!"

நாய் ஓடுவது நின்றது. உட்கார்ந்துவிட்டது என்று நல்லசிவத்துக்குத் தெரிந்தது.

அந்த இருட்டில், மூச்சு முட்டிக்கொண்டிருக்கும்போது, அவருக்குள் சின்னதாக ஒரு திருப்தி வந்தது. இவன் சொல்லை நாய் இப்போதும் கேட்கவில்லை.

அது வந்ததை அவரே பார்த்தார். பார்த்துப் பயந்துபோனார். மண்ணைவிட அதற்குத்தான் அதிகமாகப் பயந்தார்.

"தோண்டு! பறி! கிளறு! ஏட்டி, உன் கால்ல விழுதேன், தோண்டுட்டி! அண்ணாச்சி உள்ள இருக்காரு!"

நல்லசிவம் வாயைத் திறந்தார். வைரம் என்று கத்தப் பார்த்தார். மணல் தொண்டைக்குள் போயிற்று. ஒரு எழுத்தும் வெளியே வரவில்லை. மேலே குரல் நின்றுவிட்டது. போய்விட்டான் என்று நினைத்தார். ஆளைக் கூட்டி வர ஓடியிருப்பான். திரும்பி வருவதற்குள் காற்று தீர்ந்துவிடும். எனக்கு வேண்டியதுதான் என்று நினைத்தார். அதன்பிறகு நினைவு இல்லை.

கண் விழித்தபோது மடத்தில், ஓலைக்கூரைக்குக் கீழே கிடந்தார். நெஞ்செல்லாம் வலித்தது. தலைமாட்டில் ஈரத் துணி. வாசலில் முன்பின் தெரியாத வழிப்போக்கர்கள் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நாய் தோண்டி எடுத்துச்சாமே?"

"ஆமா. நாங்க சத்தம் கேட்டு ஓடினப்ப நாய் பறிபறின்னு பறிச்சிக்கிட்டு நிக்குது. தெய்வம்யா அது."

நல்லசிவம் கண்ணை மூடிக்கொண்டார். நாய் தோண்டியிருக்கிறது. அப்படியென்றால் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் மயங்கிய பிறகு யாரோ அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே இருந்தவன் ஒருவன்தான்.

எப்படித் தெரியும் அவனுக்கு? ஒளிந்து நின்று கேட்டிருப்பானா? அம்மைக்கே சொல்லாத சொல் அது.

வெளியே கூட்டம் கலைந்தது. புது ஊற்றிலிருந்து தண்ணீர் வந்து சேர்ந்ததாகப் பேச்சுக் கேட்டது. சரிந்த இடத்தை அகலமாக வெட்டி, வழிப்போக்கர்களே ஊற்றாக்கிவிட்டார்களாம். பந்தலில் செம்புகள் கிணுங்கின.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வாசலுக்கு வந்தார்.

வேப்பமர நிழலில் ஐயம்பெருமாள் உட்கார்ந்திருந்தான். எதிரே அம்மை. கையில் கிண்ணம். சோற்றைப் பிசைந்து உருட்டி அவன் வாயில் ஊட்டிக்கொண்டிருந்தார். அவன் ஏதோ சொல்லிச் சிரித்தான். "வாயை மூடிக்கிட்டுத் தின்னு" என்றார் அம்மை. செவலை அவன் முழங்காலில் தலையை வைத்துப் படுத்திருந்தது.

நல்லசிவம் நிலையைப் பிடித்தபடி நின்றார். சாவிலிருந்து மீண்டு வந்து அரை நாள்கூட ஆகவில்லை. அதற்குள் பழைய நெருப்பு அதே இடத்தில் பற்றிக்கொண்டது. அம்மை கையால் ஒரு பிடி சோறு! தானும் ஒருநாள் காய்ச்சலில் கிடந்திருக்கிறார். அன்று அம்மை கஞ்சியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, "குடிங்க" என்று சொல்லிப் போனார்.

ஐயம்பெருமாள் அவரைப் பார்த்துவிட்டான். "அண்ணாச்சி எந்திச்சிட்டாரு!" என்று எழப் போனான். அம்மை தோளை அழுத்தி உட்கார வைத்தார். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு நல்லசிவத்திடம் வந்தார்.

"படுத்திருக்கக் கூடாதா?"

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"செவலை தோண்டுச்சாமே."

"ஆமா. தோண்டுச்சு."

"நான் பழக்கின நாய்ம்மா அது. என் சொல் இல்லாம அது தோண்டாது." இருமல் வந்தது. இருமி முடித்துவிட்டு, மண் வாடை அடிக்கும் வாயோடு கேட்டார். "அந்தச் சொல் அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது? நீங்க ஏதாவது..."

"எனக்கே தெரியாதே."

"அப்ப அவன் என்னதான் சொன்னான்?"

"என்னென்னமோ சொன்னானாம். கெஞ்சினானாம். நாய் அசையலை."

"பிறகு?"

"பிறகு அவன் ஒண்ணும் சொல்லலை."

நல்லசிவத்துக்குப் புரியவில்லை. அவர் மரத்தடியைப் பார்த்தார். ஐயம்பெருமாள் நாயின் தலையைத் தடவ முயன்றுகொண்டிருந்தான். அவனால் முடியவில்லை. இரண்டு கைகளும் மணிக்கட்டு வரை வெள்ளைத் துணியால் சுற்றப்பட்டிருந்தன. விரல் நுனிகளில் மஞ்சள் பூச்சைத் தாண்டி இரத்தம் ஊறியிருந்தது.

"மண்வெட்டிதான் உங்களோட உள்ள போயிருச்சே" என்றார் அம்மை. "அவன் தோண்டுறதைப் பாத்துப் பாத்து, கடைசியில நாயும் வந்து பக்கத்துல தோண்டியிருக்கு. ஆளுங்க போய்ச் சேரும்போது உங்க தலை வெளிய வந்துட்டுது."

"கையாலயா? அவ்வளவு மணலையும் கையாலயா?"

அம்மை அவர் முகத்தைப் பார்த்தார். கோபம் ஒன்றும் இல்லை.

"அவனுக்குத்தான் உங்க சொல் தெரியாதே, நல்லசிவம். வேற என்ன செய்வான்? தோண்டினான்."